தவமணியின் காது குறித்து, காலமான என் மச்சானுக்கு

அன்பு மாறாத என் மச்சான் கனகசபைக்கு,

வட்டுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். புதன்கிழமை உன் ஆட்டைத் திவசம், முதலாண்டு நினைவு. ஐயர் எழுந்து போனபின், இலை போடுவதற்கு முன், வந்திருக்கும் உறவு முழுவதற்கும் கேட்கும்படி இக்கடிதத்தை உரத்து வாசிக்கப் போகிறேன். புகழுரை கேட்கலாம் என்று வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். உன்மேல் எனக்குள்ள முறைப்பாடுகளை முதலில் ஒழுங்காகப் பதிகிறேன்.

1. 1934, ஆவணி. உன் மகள் தவமணிக்கு ஐந்து வயது. சின்னமுத்து அம்மை போட்டு இறங்கிய கையோடு அவளுடைய இடது காதிலிருந்து சீழ் வடியத் தொடங்கியது. வைத்தியனான நீ, சொந்தப் பிள்ளையின் காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வளர வளரக் காயும்" என்றாய். வளர்ந்தாள். காயவில்லை.

2. 1935, பங்குனி. அந்தச் சீழைப் பஞ்சுத்திரியில் தொட்டுக் குழாயில் போட்டுக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினாய். "எதுவும் வளரவில்லை" என்று அங்கிருந்து பதில் வந்தது. அதை நீ உன் மனைவியான என் தங்கை பாக்கியத்திடம் "கிருமி இல்லை" என்று சொன்னாய்.

3. அதே மாதம். "சீழின் நாற்றத்தைக் கவனி" என்று நான் சொன்னதற்கு, ஒரு கலியாணப் பந்தலில், பத்துப் பேர் நடுவில், எனக்கு 'மூக்கு வைத்தியர்' என்று பட்டம் சூட்டினாய். உடுப்பிட்டியிலும் வட்டுக்கோட்டையிலும் அந்தப் பட்டம் இன்றும் வழங்குகிறது.

4. 1936, தை. பாக்கியத்திடம், "இவளின்ரை தலையிலை ஒருத்தரையும் கத்தி வைக்க விடாதை" என்று சொன்னாய். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

5. 1937, மாசி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவன், பிறகு எழும்பவில்லை. மேற்கண்ட நான்கையும் திருத்தாமலே போனாய்.

6. அன்று முதல் இன்றுவரை. அழையாமல் எங்கள் கனவுகளில் வருகிறாய். வந்து உபயோகமான ஒரு சொல்லும் சொல்வதில்லை.

ஆறாவதையே முதலில் எடுக்கிறேன். மற்றவை நடந்து முடிந்தவை. இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

என் கனவில் நீ எப்போதும் வல்லை வெளியில்தான் வருகிறாய். உடுப்பிட்டியிலிருந்து எங்களைப் பார்க்கச் சைக்கிளில் நீ கடந்து வரும் அதே வெளி. மரமில்லை, மதிலில்லை, உப்பு மினுங்கும் தரையும் காற்றும் மட்டும். கனவில் அந்தக் காற்றுக்குச் சத்தம் கிடையாது. உன் சால்வை பின்னால் பறந்து, நீண்டு, பாதை தேய்ந்து மறையும் இடம் வரைக்கும் நீள்கிறது. மருந்துப்பை கைப்பிடியில் ஆடுகிறது. நீ மிதிக்கிறாய், வண்டி நகர்வதில்லை. வெளிதான் உனக்குக் கீழே மெல்லப் பின்னோக்கி வழுகிப் போகிறது. நான் ஓர் ஓரத்தில் நின்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். நீ கையைக் காதருகே குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டுகிறாய். இடது காது. எந்தக் கனவிலும் அது இடது காதுதான்.

பாக்கியத்தின் கனவு வேறு. அங்கே நீ ஈரவேட்டியோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, நித்திரையாய்க் கிடக்கும் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அவள் வாய் திறந்து ஏதும் கேட்கப் போனால், விரலை உதட்டில் வைக்கிறாய். அவ்வளவுதான். விடிந்ததும் அவள் எழுந்து வந்து, "அண்ணை, அவர் தொட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்" என்கிறாள்.

விரலை உதட்டில் வைத்தவன் எதைத் தடுத்தான்? கத்தியையா? அழுகையையா? பிள்ளை நித்திரை குழம்பக் கூடாது என்று மட்டும் சொன்னாயா? வாழ்நாள் முழுவதும் மருந்துச்சீட்டைத் தெளிவாய் எழுதத் தெரியாத மனிதன், செத்தபின்னும் தெளிவாய்ப் பேசமாட்டாயா?

இப்போது உனக்குச் செய்தி சொல்கிறேன். உன் மகளுக்கு ஒன்பது வயது. நீ போனபின் தாயும் மகளும் என்னோடு இந்த வீட்டில் இருக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரி, உன்னைப் போலவே நகம் கடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வரிசை வாங்கிலே தனியே இருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்களாம். அதன்பின் பாக்கியம் ஒவ்வொரு காலையும் நல்லெண்ணெயில் தோய்த்த பஞ்சை அந்தக் காதுக்குள் இறுக்கி அடைத்து, அதற்குமேல் ஒரு மல்லிகை மொட்டைச் செருகி அனுப்பினாள். பார்க்க அழகாய்த்தான் இருந்தது. காதில் பூ வைத்த பிள்ளை என்று அயலவர் கொஞ்சினார்கள்.

அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதற்குக் கீழே அடைபட்டதுதான் தெரிந்தது. இந்த உலகத்தில் காற்றை வெறுக்கும் கிருமிகள் உண்டு, மச்சான். நீயும் படித்தவன், பரீட்சைக்குப் படித்து மறந்தவன். பால்குடி மாறாத பிள்ளையின் வாயிலேயே அவை குடியேறிவிடுகின்றன. பல் முளைத்தால் பல்லிடுக்கில், தொண்டையின் மடிப்பில், யாருக்கும் தொல்லை தராமல் ஒதுங்கிக் கிடக்கின்றன. பிறகு ஒருநாள் சின்னமுத்தோ சளித்தடிமனோ வருகிறது. தொண்டையிலிருந்து காதுக்கு ஏறும் அந்தச் சின்னக் குழாய், பிள்ளைகளுக்கு மிகவும் கட்டையான, கிடையான குழாய், வீங்கி அடைபடுகிறது. காற்றைத் தின்னும் கிருமி முந்தி நுழைந்து, உள்ளே மிஞ்சியிருந்த காற்றைத் தின்று தீர்க்கிறது. அதன்பின் மற்றவை வருகின்றன. காற்றில்லாத ஓர் ஊர் அங்கே எழும்புகிறது. வெயில் இல்லை, வெளி இல்லை. அந்த ஊரின் மணம் மட்டும் எங்களை வந்து சேர்கிறது.

அந்த ஊருக்குத்தான் என் தங்கை தினமும் எண்ணெய்ப் பஞ்சால் கதவு அடைத்தாள். நாற்றத்தை மறைக்க அவள் செய்த ஒவ்வொரு காரியமும் நாற்றத்தை வளர்த்தது. எடுத்துவிடு என்று நான் சொன்னபோது, அவள் கையில் உன் சொல் இருந்தது. "அவர் கிருமி இல்லையெண்டு சொன்னவர். கிருமி இல்லாத காதை மூடினால் என்ன, திறந்தால் என்ன?" உன் வாக்கியம் உனக்குப் பிறகும் இந்த வீட்டின் நடுவில் சாய்மனைக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

கொழும்புக்காரரை நான் குற்றஞ் சொல்லேன். நீ அனுப்பிய திரி, மூடி தளர்ந்த குழாயில், தபால்வண்டியில் குலுங்கி, வெயிலில் காய்ந்து போயிருக்கும். காற்றை வெறுப்பவை வழியிலேயே செத்திருக்கும். அவர்கள் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, காற்றுப்படும்படி வைத்து, ஒன்றும் முளைக்காததைக் கண்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று நேர்மையாய் எழுதினார்கள். வெறுந்தட்டை வெறுங்காது என்று வாசித்தவன் நீ.

நீ இல்லாத நிலையில் உன்னோடு வாதாட ஒரு வழிதான் மிஞ்சியது. செய்து காட்டுவது. நான் இரசாயனம் படிப்பிக்கிறவன். என் ஆய்வுகூடத்தில் குழாய்க்கும் ஸ்பிரித்து விளக்குக்கும் குறைவில்லை. ஆனால் இந்தக் கிருமிகளுக்குப் பிடித்த உணவு, அவித்த இறைச்சியும் அதன் சாறும். தலைமுறை தலைமுறையாய் முட்டை உடையாத வீடு எங்களுடையது என்பது உனக்குத் தெரியும். போன தை மாதம், சந்தையில் இறைச்சிக் கடை எந்தப் பக்கம் என்று வழி கேட்டுப் போய், ஆட்டிறைச்சி வாங்கி, ஓலைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஐம்பத்துமூன்று வயதில்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் வேறு யார்? எங்கள் கோயில் மணியகாரர் முருகேசர். பையின் அடியிலிருந்து ஒரு சொட்டு அவருடைய வேட்டிக் கரையில் விழுந்தது.

"என்ன மாஸ்டர், பையுக்குள்ளை?"

"இறைச்சி."

"சிவ சிவா. ஆருக்கு?"

"கிருமிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிருமிக்கு விருந்தோ? எங்கடை வீட்டுக் கிருமியளுக்குக் கீரைக்கறி கூடச் சரியாக் கிடைக்காது, மாஸ்டர்." பஸ் முழுக்கச் சிரித்தது. சாரதியும் திரும்பிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இறங்கும்போது முருகேசர் சொன்னார்: "கனகசபை டொக்டர் இருந்திருந்தால் உங்களை இப்பிடிப் போக விட்டிருக்கமாட்டார்." உண்மைதான். நீ இருந்திருந்தால் நான் போயிருக்க வேண்டியதே இல்லை.

இறைச்சியை நறுக்கி, சாறோடு மூன்று குழாய்களில் இட்டு, ஆவியில் மீண்டும் மீண்டும் அவித்துச் சுத்தப்படுத்தினேன். முதலாவதில் எதையும் இடாமல் மேலே எண்ணெய் மிதக்கவிட்டேன். இரண்டாவதில் தவமணியின் காதிலிருந்து நெருப்பில் சுட்ட கம்பியால் எடுத்த சீழை இட்டுத் திறந்து வைத்தேன். மூன்றாவதில் அதே சீழை அடியில் இறக்கி, அதன்மேல் எண்ணெய் விட்டுக் காற்றை அடைத்தேன். அவள் காதுக்கு அவள் தாய் செய்ததைத்தான் குழாய்க்கு நான் செய்தேன். பிறகு குழாய்களை இளஞ்சூட்டில் வைத்துக் காத்திருந்தேன்.

அந்த நாள்களில் நீ அடிக்கடி வந்தாய். பகலில், வகுப்பு நடக்கும்போதே வந்தாய். கடைசி வாங்கில் உட்கார்ந்து, குழாய்ப் பக்கம் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே பனைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு ஒன்றும் உன்னைத் தொடவில்லை. உன் சால்வையில் உப்பு படிந்திருந்தது. பார்க்கப் பயந்த மனிதனைப் போல இருந்தாய் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எதற்குப் பயந்தாய், மச்சான்?

முதற் குழாய் வைத்தபடி இருந்தது. இரண்டாவது சற்றுக் கலங்கியது, மணமில்லை. மூன்றாவதில் குமிழிகள் ஏறி, எண்ணெய்ப் படலத்தைத் தூக்கித் தூக்கி இறக்கின, இறைச்சி கறுத்தது. மூன்றையும் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

"அண்ணை, முதலிலை கிணத்தடியிலை குளிச்சுப்போட்டு வாங்கோ," என்றாள் பாக்கியம். "இறைச்சித் தண்ணியை அவர் படமிருக்கிற வீட்டுக்குள்ளை கொண்டரப் போறியளோ? விசரே உங்களுக்கு?"

"உள்ளை வேண்டாம். நீ வெளியிலை வா."

கிணற்றடி மாமரத்தின் கீழ் வைத்துக் காட்டினேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றாள். முதலாவதைத் திறந்தேன், இரண்டாவதைத் திறந்தேன். மூன்றாவதைத் திறந்தபோது அவள் தலைப்பை விட்டுவிட்டுக் கிட்ட வந்தாள். முகம் சுளிக்கவில்லை. குனிந்து, ஒரு குழந்தையின் உச்சியை முகருவதைப் போல, அந்தக் குழாயை முகர்ந்தாள்.

"இது என்ரை பிள்ளையின்ரை தலகணி மணமெல்லே," என்றாள்.

பஞ்சை அன்றைக்கே எடுத்துவிட்டாள். பூவையும். அதற்குள் காலம் கடந்திருந்தது. இந்த மாசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. காதின் பின்புறம் சிவந்து வீங்கி, காதுமடல் முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனோம். பெரியாஸ்பத்திரியின் சத்திரவைத்தியர் வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தாயை வெளியில் இருக்கச் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார். எனக்கு அவரைப் பிடித்தது.

"அம்மா, காதுக்குப் பின்னாலை இருக்கிற எலும்பு தேன்வதை மாதிரி. அந்த அறையளுக்குள்ளை சீழ் நிறைஞ்சிட்டுது. திறந்து வழிச்சுவிட்டு, காத்துப்பட விடவேணும். இப்பிடியே விட்டால் அடுத்த சுவர் மூளை. வெள்ளிக்கிழமை விடிய நான் ஆயத்தம். உங்கடை கையெழுத்து வேணும்."

"அவர் கத்தி வைக்க வேண்டாமெண்டு சொன்னவர்," என்றாள் பாக்கியம்.

"ஆர்?"

"என்ரை அவர். டொக்டர்."

"அவரை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன், நான் கதைக்கிறன்."

தவமணிதான் சொன்னாள்: "அப்பா செத்துப்போனார். ஆனால் கதைக்கிறவர்."

திரும்பி வரும் வழியில் அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வீங்கிய காது மேல்நோக்கி இருந்தது.

"மாமா, காதுக்குள்ளை அப்பா நடக்கிறார்."

"என்னெண்டு தெரியும், அப்பாதானெண்டு?"

"டப், டப் எண்டு கேக்குது. சைக்கிளாலை இறங்கி உருட்டிக்கொண்டு வாற மாதிரி. பின்னாலை கடலும் கேக்குது." பிறகு: "வெட்டினால் அப்பா வெளியிலை போயிடுவாரோ?"

எனக்குப் பதில் தெரியும். அது சீழ் நிறைந்த எலும்பறையில் இரத்தக்குழாய் துடிக்கும் ஓசை. கல்கத்தாவில் பட்டம் பெற்றவன் நான். ஓசையின் காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். அதற்குப் பதில் என் சால்வையை இழுத்து அவள் கால்களை மூடினேன். மச்சான், நான் கேட்கிறேன்: குடியிருக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? வல்லை வெளி முழுவதும் உனக்காகக் கிடக்கிறது. உன் மகளின் அழுகிய எலும்புக்குள் வந்து நடக்கிறாயே, இது நியாயமா?

வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்தின் முன் குழாய்களின் கதையை மறுபடி எடுத்தேன். அவள் இடைமறித்தாள்.

"அப்ப அவர் பொய் சொன்னவரோ?"

"பொய்யில்லை. பிழை விட்டவர்."

"அவர் பிழை விடுற ஆளில்லை."

"பாக்கியம், நீ உன்ரை மூக்காலை மணந்தனி."

"ஓம், மணந்தனான். கிருமி இருக்கு. நீங்கள் சொன்னது சரி." அவள் குரல் உயரவில்லை. "ஆனால் கத்தி வேண்டாமெண்டதும் அவர்தானே. ஒண்டிலை பிழை விட்டவர் மற்றதிலையும் பிழை விட்டிருப்பாரெண்டு நான் என்னெண்டு நினைக்கிறது? அவரே சொல்லட்டும், நான் சொன்னது பிழையெண்டு. அடுத்த நிமிசம் கையெழுத்துப் போடுறன்."

அன்று மாலைதான் உன் நான்காவது குற்றத்துக்கு உரிய காரணம் எனக்கு முழுதாய் விளங்கியது. நீ மாணவனாய் இருந்தபோது, இதே சத்திரசிகிச்சைக்குப் படுத்த ஒரு பிள்ளை, குளோரபோம் மயக்கத்திலிருந்து திரும்பவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாய். வல்லை வெளியில், இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகையில். காற்று உன் பாதிச் சொற்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "அந்தப் பிள்ளையின்ரை கால் கட்டையா இருந்தது, மச்சான், மேசையிலை பாதிக்குக் கூட வரேல்லை" என்று மட்டும் கேட்டது. பிறகு உனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் காதில் சீழ் வந்தது. கிருமி உண்டென்றால் கத்தி வரும். கொழும்பிலிருந்து வந்த வரி உனக்கு வரம்போல இருந்திருக்கும். அதை ஒரு வைத்தியனாய் நீ வாசிக்கவில்லை. தகப்பனாய் வாசித்தாய்.

விளங்குகிறது. மன்னிக்கவில்லை. விளங்குவதும் மன்னிப்பதும் எனக்கு வெவ்வேறு பாடங்கள்.

உனக்குப் பயம் வந்ததில் எனக்கு முறைப்பாடில்லை. அந்தப் பயத்துக்கு மருந்துவாசனை பூசி, தீர்ப்பைப் போல என் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அதுதான் என் வழக்கு. பயமாயிருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தால், அவளும் பயந்திருப்பாள். இருவரும் பயந்துகொண்டே யாழ்ப்பாணத்துக்குப் போயிருப்பீர்கள். பயத்தை மீறலாம், மச்சான். செத்த புருசனின் சொல்லை மீற எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

இன்று செவ்வாய்க்கிழமை. இந்தக் கடிதத்தின் முறைப்பாடுகளை எழுதிக்கொண்டிருந்தபோது பாக்கியம் பிள்ளைக்குக் கஞ்சி பருக்கிவிட்டு, கோப்பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"என்ன எழுதுறியள், அண்ணை?"

"உன்ரை புருசனுக்கு நோட்டீஸ்."

நான் வேலி சாய்ந்தாலே பிறக்கிராசி வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புகிறவன் என்று நீ பகிடி பண்ணுவாய். அவளுக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பிறகு அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. வந்து உட்கார்ந்தாள்.

"என்னெண்டு எழுதியிருக்கிறியள்?"

"கத்தி வைக்க வேண்டாமெண்ட சொல்லிலை அவர் இன்னும் நிக்கிறாரோ எண்டு கேட்டு. பதில் எழுத்திலை வேணும்."

"கனவிலை வந்து சொன்னால்?"

"செல்லாது. கனவிலை அவரவருக்குத் தேவையானதுதான் கேக்கும். எனக்கும் அப்பிடித்தான்."

அவள் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவர் எழுதமாட்டார், அண்ணை. உயிரோடை இருக்கேக்கையே கடுதாசி எழுதப் பஞ்சிப்படுற மனிசன்."

"எழுதாட்டி, தன்ரை சொல்லை விட்டிட்டார் எண்டு எடுப்பம்."

அடுத்த அறையில் பிள்ளை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வேலியோரப் பூவரசில் காற்று நுழைந்து வெளியேறியது.

"எவ்வளவு தவணை குடுக்கிறியள்?"

"வியாழக்கிழமை பொழுதுபடுமட்டும்."

அவள் எழுந்தாள். வாசலில் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அவரின்ரை பேனையை எடுத்து வையுங்கோ. வேறை பேனையாலை அவருக்கு எழுத வராது."

ஆகவே, மச்சான், இதனால் உனக்கு முறைப்படி அறியத் தருவதாவது:

உடுப்பிட்டியிலிருந்து கொண்டுவந்த உன் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்து மேசையில், உன் பெயர் அச்சிட்ட மருந்துச்சீட்டுத் தாள் ஒன்றும், உன் பேனையும், மைக்கூடும் வைத்திருக்கிறோம். சன்னல் திறந்திருக்கும். வேறு யாரும் எழுதிவிட்டு உன் தலையில் போடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம். உன் கோழிக்கிறுக்கலைக் கள்ளமாய் எழுத இந்தக் குடாநாட்டில் ஆள் இல்லை. தவமணியின் காதைத் திறக்கக் கூடாது என்பதில் நீ இன்னும் நிற்பாயானால், காரணத்தைக் காட்டி, உன் கைப்பட, வருகிற வியாழக்கிழமை பொழுதுபடுவதற்கு முன் அந்தத் தாளில் எழுதிவைக்க வேண்டும். கனவு, சகுனம், பல்லிச் சத்தம், பிள்ளையின் காதில் கேட்கும் காலடி ஆகிய எதுவும் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படாது.

பொழுதுபட்டும் தாள் வெறுமையாய் இருந்தால், நீ சம்மதித்தாய் என்று கொண்டு, அதே பேனையால் பாக்கியம் ஆஸ்பத்திரிக் கடுதாசியில் கையெழுத்து வைப்பாள்.

ஒன்றும் முளைக்காத தட்டைக் கொண்டு ஒன்றையும் தீர்மானிக்காதே என்று உன்னோடு சண்டை பிடித்தவன் நான். இப்போது வெறுந்தாள் ஒன்றைப் பதில் என்று வாசிக்கப் போகிறேன். பிழையென்று தெரிந்தே வாசிக்கிறேன். நீ உன் வெறுமையைக் கொண்டு அந்தக் காதை மூடினாய். அதே வெறுமையைக் கொண்டு நாங்கள் அதைத் திறக்கிறோம். இதற்கும் மறுப்பிருந்தால், எழுது.

வெள்ளிக்கிழமை விடிய நான் சத்திரசிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே நிற்பேன். கதவு மூடுமுன், மேசையில் அவள் கால் எதுவரைக்கும் வருகிறது என்று உனக்காகப் பார்த்து வைத்திருப்பேன். நீ அன்று கண்ட அந்தப் பிள்ளையைவிட இவள் நெடியவள். அவள் கண் விழித்தால், காயம் ஆறி வைத்தியர் விட்டபின், வல்லை வெளிக்குக் கூட்டிப்போவேன். காதில் பஞ்சு இராது, பூ இராது. நடுவெளியில் இறக்கிவிட்டு, "இப்ப கேள், அப்பா எங்கை நடக்கிறார்?" என்று கேட்பேன். இது என் வாக்கு. நீ அவ்விடத்தில் இருந்துகொள். அவளுக்குள் இருக்காதே.

வியாழக்கிழமை பொழுதுபடுமட்டும் உன் எழுத்தை எதிர்பார்த்திருக்கும்,
உன் பாக்கியத்தின் தமையன்,
தவமணியின் தாய்மாமன்.